54 வயதில் தொடங்கிய 21 கிலோமீட்டர்: ஒரு குதிகால் நாணின் பழுதுபார்ப்புக் குறிப்பு

நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவனுக்கு, எதைச் செய்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. 2023 பிப்ரவரி முதல் 2024 டிசம்பர் வரை நான் ஓடிய ஓட்டங்களும், ஓட முடியாமல் கிடந்த வாரங்களும், தூக்கிய எடைகளும் இரண்டு நீள நோட்டுகளில் இருக்கின்றன. இப்பதிவு அவற்றிலிருந்து எடுத்தது. தொடங்கும்போது எனக்கு வயது 54, எடை 74 கிலோ. கோவை மாரத்தானில் நடக்கும் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை, விழுந்து எழாமல், நொண்டாமல் முடிப்பதே இலக்கு. பத்து மாதத்தில் முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு, இருபத்திரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. கூடுதலான அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கும் காரணம் என் இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் ஒரு கயிறு.

முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பதுதான். ஐம்பதைத் தாண்டியவர் திடீரென்று ஓடத் தொடங்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி முழங்காலைப் பற்றியதல்ல, இதயத்தைப் பற்றியது. ரத்தப் பரிசோதனைகளோடு, டி.எம்.டி. என்று எல்லோரும் சொல்லும் டிரெட்மில் சோதனையும் எடுத்தேன். மார்பில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீதச் சரிவில் நடக்கவைத்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் சேர்ந்து ஏறுகின்றன. மூன்றாவது நிலையில் மணிக்கு 5.5 கிலோமீட்டர், 14 சதவீதச் சரிவு. சமதளத்தில் ஒன்றுமே இல்லாத அந்த வேகம், அந்தச் சரிவில் மூச்சை நிறுத்திவிடுகிறது. எட்டரை நிமிடத்தில் போதும் என்று கையைக் காட்டினேன். நாடித்துடிப்பு அப்போது 158. இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்றும், ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்றாலும் ஓடினால் அது இறங்கக்கூடும் என்றும் மருத்துவர் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங்க, இத்தன வருசம் மில்லுக்கு ஓடுனது பத்தாதுங்களா?"

ஓடுகிற இடமாக உக்கடம் பெரியகுளத்தின் கரையைத் தேர்ந்தெடுத்தேன். வண்டி வராது, தரை சமம், காலை ஐந்தரைக்கே ஆள் நடமாட்டம் இருக்கும், நாய்த் தொல்லை ஒப்பீட்டளவில் குறைவு. முதல் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, மொத்தம் முப்பது நிமிடம், வாரத்தில் நான்கு நாள். ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடப்பதை வெட்கப்படத்தக்க காரியமாகவே நானும் நினைத்திருந்தேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, களைத்த பிறகு நடப்பதற்குப் பதிலாகக் களைப்பு வருவதற்கு முன்பே நடக்கச் சொல்லி ஒரு முறையையே வகுத்து, பல்லாயிரம் பேரைப் பழக்கியிருக்கிறார் என்று படித்த பிறகுதான் அந்தக் கூச்சம் போனது.

எந்த வேகத்தில் ஓடுவது என்பதில்தான் குழப்பம். 180இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணுக்கு மேல் நாடித்துடிப்பு போகக்கூடாது என்பது பில் மேஃபடோன் என்பவரின் சூத்திரம். எனக்கு 126. புதியவர்கள் இன்னும் ஐந்தைக் கழிக்க வேண்டுமாம், ஆக 121. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணுக்குள் ஓட முயன்றால், மார்ச் மாதப் புழுக்கத்தில் நடந்தாலே 118 காட்டியது. உச்சத் துடிப்பைக் கணக்கிட 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய வழியில் எனக்கு 166 வருகிறது. வயதின் 0.7 மடங்கை 208இலிருந்து கழிக்கும், டனாகா என்ற ஆய்வாளரின் 2001ஆம் ஆண்டு வழியில் 170. இவை எல்லாம் பெருங்கூட்டத்தின் சராசரிகள். தனியொரு ஆளுக்குப் பத்துத் துடிப்பு இப்படியும் அப்படியும் இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கோ இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, ஏனென்றால் அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் குளக்கரையில் தினமும் எதிர்ப்படும், எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். நான் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஓடுவதைக் கவனித்துவிட்டு ஒருநாள் கூடவே ஓடி வந்தார். "கண்ணு, ஊர் எது, வேல எது, எத்தன குழந்தைங்கன்னு நான் கேக்கறேன். மூச்சு வாங்காம முழு வாக்கியமாப் பதில் சொல்லு. சொல்ல முடிஞ்சா அதுதான் உன் வேகம்." அன்று முதல் பேச்சு வரும் வேகத்தையே பிடித்துக்கொண்டேன். பின்னால் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்த வேகத்தில் என் துடிப்பு பெரும்பாலும் 130க்கும் 136க்கும் இடையில் இருந்திருக்கிறது.

மே மாத இறுதியில் 5 கிலோமீட்டரை நடக்காமல் 41 நிமிடத்தில் ஓடினேன். ஜூன் முடிவில் 8 கிலோமீட்டர். எடை 70க்கு வந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது, ரத்த அழுத்தமும் இறங்கியது. இதயமும் நுரையீரலும் இந்த வயதிலும் இவ்வளவு சீக்கிரம் சொன்னபடி கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் தவறு பிறந்தது.

ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கிவிட்டால் கோவையில் ஓடுவதைப் போன்ற சுகம் வேறில்லை. பேரூர் பக்கமாக மேற்கே ஓடும்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கும். வியர்வை தெரியாது, களைப்பும் தெரியாது. மார்ச்சில் வாரத்துக்கு 12 கிலோமீட்டராக இருந்தது ஆகஸ்ட் நடுவில் 34 கிலோமீட்டர் ஆனது. ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் 14 கிலோமீட்டரைத் தொட்டது. அதே இரண்டு வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்தேன். பழைய காலணி தேய்ந்துவிட்டதென்று புதியது வாங்கினேன். கடைக்காரர் பரிந்துரைத்த காலணியில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடு 4 மில்லிமீட்டர்தான். பழையதில் அது 10. இரண்டாவது, மருதமலை மலைப்பாதையில் புதன்கிழமைதோறும் ஏற்ற ஓட்டம் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது, வெள்ளிக்கிழமைகளில் வேக ஓட்டம்.

நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில் இழை அறுவது கூடினால், இழையை வழிநடத்தும் சின்னக் கொக்கியான டிராவலரை மாற்றிப் பார்ப்போம், இல்லையென்றால் இழையை அழுத்திப் பிடிக்கும் டாப் ரோலரின் அழுத்தத்தைப் பார்ப்போம். இரண்டையும் ஒரே நாளில் தொட மாட்டோம், தொட்டால் எது காரணம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. என் சொந்தக் காலில் மூன்று செட்டிங்கை ஒன்றாக மாற்றினேன்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கட்டிலிலிருந்து இறங்கிய முதல் அடியில் இடது குதிகாலுக்குப் பின்னால் துருப்பிடித்த கீலைத் திருகியதுபோல ஒரு இறுக்கம். பத்து அடி நடந்ததும் விட்டுவிட்டது. ஓடத் தொடங்கியபோது வலித்தது, இரண்டாவது கிலோமீட்டரில் மறைந்தது. மறைந்ததால் தொடர்ந்தேன். மூன்று வாரத்தில் மறைவது நின்றுபோனது. குதிகால் எலும்பிலிருந்து சில விரல்கடை மேலே, இரு விரலால் பிடித்தால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு தடிப்பு தெரிந்தது.

ஊரில் இதைக் குதிகால் நரம்பு என்கிறார்கள். நரம்பல்ல, தசைநாண். கெண்டைக்கால் தசைகளை குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் அக்கிலிஸ் நாண். உடலில் இதைவிடத் தடித்த நாண் கிடையாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான இழுவை இதன்மேல் விழுகிறது. நான் ஓடும் ஒரு மணி நேரத்தில் இடது கால் ஏறத்தாழ ஐயாயிரம் முறை தரையைத் தொடுகிறது. குதிகால் 6 மில்லிமீட்டர் தாழ்ந்த காலணியும் மேல்நோக்கிய ஏற்றமும் சேர்ந்து அந்த ஐயாயிரம் முறையும் நாணைக் கூடுதலாக இழுத்திருக்கின்றன. தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், சில வாரங்களில் வலுக்கூடும். நாணுக்கு அது மிகக் குறைவு, ஆகவே அது மாதக் கணக்கில்தான் அசைந்து கொடுக்கும். நான் என் பயிற்சியின் வேகத்தை நுரையீரலைக் கேட்டு முடிவு செய்திருந்தேன்.

முதல் பழுதுபார்ப்பு தோல்வி. மூன்று வாரம் முழு ஓய்வு, களிம்பு, ஐஸ். வலி போனது. நான்காம் வாரம் 4 கிலோமீட்டர் ஓடினேன், மறுநாள் காலை அதே கீல். இன்னும் நான்கு வாரம் ஓய்வு, மறுபடியும் அதே கதை. ஒரு சிகிச்சை மையத்தில் பத்து நாள் அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் கொடுத்து, கால் நீட்டும் பயிற்சியை மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். செலவுதான் மிச்சம். டிசம்பரில் போட்டி நடந்த காலை, சாலையோரமாக நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு டீ குடித்து வீடு திரும்பினேன்.

ஓய்வு எடுத்தால் ஆறும் என்பது தோல் கிழிந்ததற்கும் எலும்பு முறிந்ததற்கும் பொருந்துவதுபோல நாணின் இந்தக் கோளாறுக்குப் பொருந்துவதில்லை என்பதை அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்ததில் இரண்டு செய்திகள் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தன.

ஒன்று டென்மார்க்கிலிருந்து. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருமளவு கூடி, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது. உடலின் ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டுக் காற்றிலிருந்து, அதாவது எந்த ஆண்டுச் சாப்பாட்டிலிருந்து, உருவானது என்று சொல்லிவிடலாம். காட்யா ஹைனமையரும் அவருடைய குழுவினரும் 2013இல் இந்த வழியில் அக்கிலிஸ் நாணை ஆராய்ந்து, அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று கண்டார்கள். தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இந்த நடுக்கயிறு மட்டும் நான் ப்ளஸ் டூ படித்தபோது இருந்த அதே கயிறு. உதிரிபாகம் கிடைக்காத இயந்திரம். மாற்ற முடியாது, அதைச் சுற்றி இருப்பதை வலுவாக்கி ஓட்ட வேண்டியதுதான்.

மற்றொன்று ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சனின் கதை. அவருக்கே இந்தக் கோளாறு வந்ததாம். அறுவை செய்யச் சொல்லி மேலதிகாரியைக் கேட்க, உனக்கு விடுப்புக் கொடுத்தால் வேலை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டார்களாம். நாண் முழுதாகக் கெட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, அதைக் கெடுக்கும் நோக்கத்தோடு வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கும் பயிற்சியைச் செய்யத் தொடங்கினார். வலி போய்விட்டது. பிறகு, நடுவயதை எட்டிய, வலியால் ஓட முடியாதிருந்த 15 பேருக்கு 12 வாரம் அதையே கொடுத்துப் பார்த்து, அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பியதை 1998இல் வெளியிட்டார்.

தொடங்குமுன் வேறொரு எலும்பியல் மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். இந்த நிலை முக்கியம். தடிப்பு நாணின் நடுவில், எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் படியின் விளிம்புக்குக் கீழே குதிகாலை இறக்கலாம். எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே கோளாறு இருந்தால், கீழே இறக்கும்போது நாண் எலும்போடு நசுங்கி நிலைமை மோசமாகும். அப்படிக் கோளாறு உள்ளவர்கள் சமதரையில் மட்டுமே செய்ய வேண்டும். என்னுடையது நடுப்பகுதி. சமீபத்தில் சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்றும் அந்த மருத்துவர் கேட்டார். அந்த மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் விடலாம், குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்களுக்கு. ஓடுகிறவர்கள் இந்த மருந்து எழுதப்படும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

2024 ஜனவரி 8, திங்கள். தொடக்க அளவுகள்: ஒற்றைக்காலில் நின்று குதிகாலை முழுதாக உயர்த்துவது, வலதில் 17 முறை, இடதில் 11 முறை. காலை எழுந்து நடக்கும் முதல் பத்து அடியின் வலி, பத்துக்கு 6.

மொட்டைமாடிப் படிக்கட்டின் மூன்றாம் படியைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் அங்கே கைப்பிடிச் சுவர் சரியாக இடுப்பு உயரத்தில் வருகிறது. முன்பாதம் மட்டும் படியின் விளிம்பில் இருக்கும். நல்ல காலால் மேலே எழுந்து, எடை முழுவதையும் இடது காலுக்கு மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக, மனதுக்குள் மூன்று எண்ணும் நேரத்தில் இறக்க வேண்டும். மேலே வருவதற்கு மறுபடி நல்ல கால்தான். முழங்கால் நேராக 15 முறை வீதம் மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடித்து 15 முறை வீதம் மூன்று சுற்று. மடித்துச் செய்வது கெண்டைக்காலின் உள்ளடுக்கான சோலியஸ் தசைக்கு. ஓட்டத்தில் பெரும்பாரத்தைச் சுமப்பது வெளியே புடைத்துத் தெரியும் தசையல்ல, மறைந்திருக்கும் இதுதான். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஆக நாளுக்கு 180 இறக்கங்கள். வெறுங்காலோடு செய்தால் சிமெண்ட் விளிம்பு பாதத்தை வெட்டுகிறது. பழைய காலணியைப் போட்டுக்கொண்டேன்.

முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. இரண்டாம் வாரம் பொங்கல், உடுமலைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். அங்கே திண்ணைப் படியில் நின்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என் பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன சாமி, எதாச்சும் வேண்டுதலையா?" என்று கேட்டார். அந்த வாரம் காலை வலி 6இலிருந்து 7க்கு ஏறியது. நிறுத்திவிடலாமா என்று தோன்றிய ஒரே கட்டம் அதுதான். பயிற்சியின்போது வலி இருக்கலாம் என்பது முறையிலேயே சொல்லப்பட்டிருந்ததால் தொடர்ந்தேன்.

நான்காம் வாரத்தில் வெறும் உடல் எடை போதவில்லை. மாமனார் நடத்தி மூடிய மளிகைக் கடையின் இரும்பு எடைக்கற்கள் பரணில் கிடந்தன. பேத்தியின் பழைய பள்ளிப் பையில் 5 கிலோக் கல்லைத் துண்டில் சுற்றி வைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். சுற்றாமல் வைத்தால் முதுகெலும்பில் இடிக்கும். ஆறாம் வாரத்தில் காலை வலி 4. ஏழாம் வாரத்தில் மில்லில் ஆண்டுப் பராமரிப்பு வந்துவிட்டதால் நாளுக்கு 180 என்பது முடியாமல் போனது. டென்மார்க்கில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கு மூன்றே நாள் அதிக எடையில், மெதுவாக, ஏற்றமும் இறக்கமும் சேர்த்துச் செய்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான் என்று சொல்லியிருந்ததால் அதற்கு மாறினேன். என் அனுபவத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டாவது முறையே ஏற்றது. முதல் முறையில் வலியைவிடச் சலிப்புதான் ஆளைக் கொல்கிறது.

மார்ச் இறுதியில், பன்னிரண்டாம் வாரம்: பையில் 12 கிலோ, இடது கால் 24 முறை, வலது கால் 25 முறை, காலை வலி 1. சுண்டைக்காய்த் தடிப்பு மட்டும் போகவில்லை, இன்றும் இருக்கிறது. மில்லில் இருந்து வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து அதை வாரந்தோறும் அளந்தேன். தோலை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதைப் பொறுத்து ஒரே நாளில் மூன்று அளவு வந்ததால், அந்தப் பத்தியை நோட்டில் அடித்துவிட்டேன்.

அதே வெர்னியர் காலணிக்குப் பயன்பட்டது. பழைய காலணியின் அடிரப்பரை அளந்தபோது இடது குதிகாலின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இப்போது 10 மில்லிமீட்டர் வேறுபாடுள்ள இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிகிறேன், ஜோடிக்கு 600 கிலோமீட்டர் ஆனதும் அது காய்கறி வாங்கப் போகும் காலணியாகிவிடும்.

ஓட்டத்தை ஐந்தாம் வாரத்திலேயே மீண்டும் தொடங்கியிருந்தேன், ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று. கரின் சில்பர்நாகெல் என்ற ஆய்வாளர் ஸ்வீடனில் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, வலி பத்துக்கு 5க்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. எனக்கு 5 மிகத் தாராளமாகத் தோன்றியதால் 3 என்று வைத்துக்கொண்டேன். காலை வலி நன்றாக இறங்கிய பிறகு, முதல் பத்து அடியின் மதிப்பெண்ணே அன்றைய நாளின் உத்தரவு ஆனது. 2 வரை இருந்தால் திட்டப்படி ஓட்டம், 3 என்றால் நடை, அதற்கு மேல் என்றால் படிக்கட்டு மட்டும். கைக்கடிகாரம் சொல்லும் எந்த எண்ணையும்விட இந்த எண்ணை நம்புகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் தூரத்தைக் கூட்டவில்லை. அதற்குப் பதிலாக வியர்வைக் கணக்குப் பார்த்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஆடையில்லாமல் எடை 68.4 கிலோ. ஒரு மணி நேரம் ஓடும்போது அளந்து குடித்த தண்ணீர் 250 மில்லி. திரும்பி வந்து துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு பார்த்த எடை 67.5. எடையில் குறைந்த 900 கிராமோடு குடித்த 250 மில்லியையும் கூட்டினால், மணிக்கு 1.15 லிட்டர் வியர்வை. ஆடிக்காற்றில் அதே வேகத்தில் பார்த்தபோது 700 மில்லிதான். இழந்தது முழுவதையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது, பெரும்பாலும் அதிகமாகத் தண்ணீர் குடித்ததால். மெதுவாக ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கே குடிக்க நேரம் அதிகம், ஆகவே ஆபத்தும் அதிகம். நான் தாகத்துக்குக் குடிக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து அதில் பாதியைக் குடிக்கிறேன். ரத்த அழுத்தம் காரணமாக அந்த உப்புக்கு மருத்துவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டில் பெரிய மாற்றமில்லை. இந்த வயதில் தசை கரையாமலிருக்கக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்கிட்டால் எனக்கு 82 கிராம். எங்கள் வீட்டுச் சமையலில் அது 50ஐத் தாண்டவில்லை. காலையில் இரண்டு முட்டை, வாரம் நான்கு நாள் கொள்ளும் பருப்பு, இரவில் ஒரு டம்ளர் பால், கைப்பிடி நிலக்கடலை என்று சேர்த்து ஒருவழியாக 75க்குக் கொண்டுவந்தேன். நீள ஓட்டத்துக்கு முன் ஒரு கதலிப்பழம், நடுவில் இரண்டு கடலைமிட்டாய். விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்கள் என் வயிற்றோடு ஒத்துப்போகவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இறுதிக்கட்டப் பயிற்சி தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓட்டம், இரண்டு நாள் எடைப்பை, இரண்டு நாள் முழு ஓய்வு. ஞாயிறு ஓட்டம் 9 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று வாரம் ஏறி நான்காம் வாரம் இறங்கும். 9, 10, 12, 8 என்று தொடங்கி நவம்பர் இறுதியில் 19இல் முடிந்தது. வேக ஓட்டத்தை வாரம் ஒருமுறை என்று வைத்துப் பார்த்ததில் காலை மதிப்பெண் 3க்கு ஏறியது. பத்து நாளைக்கு ஒருமுறை என்று மாற்றியதும் இறங்கிவிட்டது. இளைஞர்களுக்கான அட்டவணைகள் ஏழு நாள் வாரத்தை வைத்தே எழுதப்பட்டவை. என் கால் காலண்டரைப் பார்ப்பதில்லை. ஏற்றத்தை மட்டும் கடைசிவரை சேர்க்கவில்லை. மருதமலைக்கு முருகனைப் பார்க்கப் படியேறிப் போனதோடு சரி.

போட்டி நாள் டிசம்பர் ஞாயிறு, விடியுமுன் இருட்டில் தொடக்கம். முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அதற்குள்ளாகவே நடக்கிறீர்களா அங்கிள் என்று ஓர் இளைஞர் அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனார். பதினான்காவது கிலோமீட்டரில் அவரைத் தாண்டினேன், இதை எழுதாமல் விட மனமில்லை. பதினாறாவது கிலோமீட்டரில் கால் பிடித்தது. இடதல்ல, வலது. முதல் ஏழு வாரமும் இடது காலை மேலே தூக்கிவிடும் கூலியாளாகவே வலது காலை வைத்திருந்ததும், அதற்கென்று தனியாகப் பாரம் ஏற்றத் தொடங்கியது மார்ச்சில்தான் என்பதும் அந்த இடத்தில் நினைவுக்கு வந்தன. இரண்டு நிமிடம் நின்று கெண்டைக்காலை நீட்டி, அதன்பின் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று மாற்றிக்கொண்டு முடித்தேன். 2 மணி 27 நிமிடம் 40 வினாடி, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்.

வீட்டுக்கு வந்து பதக்கத்தைக் காட்டியபோது மனைவி பதக்கத்தைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தார். "வீங்கலீங்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார்.

நோட்டில் அதற்கு அடுத்த வரி, திங்கள் காலை, முதல் பத்து அடி: இடது 1, வலது 4. புதன்கிழமை மாலை எடைப்பையை மாட்டிக்கொண்டு மூன்றாம் படியில் ஏறினேன், வலது காலை விளிம்பில் வைத்து.